கரைக்கு முப்பது

அந்த நத்தைக்கு நீந்தத் தெரியாது. முட்டை உடைந்து வெளியே வந்தால் பிறந்த பாறையிலேயே ஊர்ந்து, அங்கேயே தின்று, அங்கேயே சாகும். மற்றக் கடல் நத்தைகளில் பலவற்றின் குஞ்சுகள் தூசி மாதிரி நீரில் மிதந்து ஊர் ஊராய்ப் போய்விடும். இதன் குஞ்சுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நொர்வேக்காரர் பூர்பூர் நத்தை என்கிறார்கள். பெயரில்தான் ஊதா நிறம். கையில் எடுத்தால் அழுக்கு வெள்ளையாய், பெருவிரல் நுனியளவில் ஒரு சாமான். பாறையில் அப்பிக் கிடக்கும் கொட்டலசின் ஓட்டைத் துளைத்து உள்ளே இருப்பதை உறிஞ்சிக் குடிக்கும். வேறு வேலை அதற்கு இல்லை.

இதை நம்பித்தான் துஷ்யா ஒஸ்லோவில் முனைவர் பட்டத்துக்குப் படித்தாள். நீந்தத் தெரியாததால் ஒவ்வொரு கரை நத்தையும் ஒவ்வொரு குடும்பம். ஒரு கரையின் மரபணு அடுத்த கரையினதிலிருந்து எவ்வளவு வேறுபடுகிறது, ஒரே கரைக்குள் எவ்வளவு வேற்றுமை இருக்கிறது என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. நிறைய நத்தை உள்ள கரையில் வேற்றுமையும் நிறைய இருக்கும். கொஞ்சமே உள்ள கரையில் எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி ஒரே வார்ப்பாய்க் கிடக்கும். அப்படி இருப்பது கூடாது. ஒரு நோயோ ஒரு வெக்கையோ வந்தால் மொத்தமாய்ப் போய்விடும்.

பியோர்ட் என்கிற நீண்ட கடற்கழியின் வெளிவாயில், கடல் திறக்கிற இடத்தில், குரோஷேர் என்று ஒரு பாறை. இரண்டு பஸ்ஸை அருகருகே நிறுத்தினால் மூடிவிடலாம். கணக்குப்படி அங்கேதான் வேற்றுமை ஆகக் குறைவாய் இருக்க வேண்டும். துஷ்யா பார்த்த எட்டுக் கரையிலும் அங்கேதான் ஆகக் கூடுதலாய் இருந்தது.

அவளுக்கு வழிகாட்டியான பேராசிரியை ரக்ன்ஹில்ட் அந்த முடிவைப் பார்த்துவிட்டுக் கதிரையை விட்டு எழும்பியே விட்டாள். பக்கத்தில் கால்விக்கா என்று ஒரு குடா உண்டு. அங்கே நத்தை கொட்டிக் கிடக்கும். அங்கிருந்து அறுந்த கடற்பாசியைப் பிடித்துக்கொண்டு நத்தைகள் மிதந்து வந்து பாறையில் ஏறியிருக்க வேண்டும் என்று இருவரும் எழுதினார்கள். கட்டுரை வெளிவந்தது. ரக்ன்ஹில்ட் மர்சிப்பான் கேக் வாங்கிவந்து வெட்டினாள். மூன்று அத்தியாய ஆய்வில் அதுதான் நடு அத்தியாயம், அதுதான் முதுகெலும்பு. பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வை இலையுதிர் காலத்தில் வைப்பதாய்ப் பேசிக்கொண்டார்கள்.

துஷ்யாவின் தகப்பன் சிறீஸ்கந்தராசா அதற்குப் பிறகு அம்மெருட் கோயிலில் அன்னதான வரிசையில் நின்றுகூட இதைத்தான் கதைத்தார். "என்ரை மேள் நத்தை கடல் தாண்டுறதைக் கண்டுபிடிச்சவள்."

"நாங்களும் தாண்டித்தானே வந்தம், எங்களை ஒருத்தரும் கண்டுபிடிக்கேல்லை," என்று முன்னால் நின்றவர் சொல்ல, வரிசை முழுக்கச் சிரித்தது. சிறீஸ்கந்தராசா ஒருத்தர்தான் சிரிக்காமல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

முதல் ஆய்வு மரபணுவில் சில இடங்களை மட்டும் தொட்டுப் பார்த்தது. முழுவதையும் வாசிக்க எட்டுக் கரைக்கும் காசு காணாது என்பதால் குரோஷேரையும் கால்விக்காவையும் மட்டும் முழுதாக வாசிக்கக் கொடுத்தார்கள். சித்திரை முடிவில் அது வந்தது. கணினி வேலை பார்க்கிற முத்துச்செல்வன், தூத்துக்குடிக்காரன், அவளைத் தன் மேசைக்குக் கூப்பிட்டான்.

"துஷ்யா, ஒண்ணு காட்டறேன். தப்பா எடுத்துக்காதீங்க."

திரையில் குரோஷேர் நத்தைகள் முப்பதும் முப்பது கோடாய் நின்றன. பாறைக்குரிய மரபணு நீலம், குடாவுக்குரியது செம்மஞ்சள். இருபத்தொரு கோடு அடிமுதல் நுனிவரை நீலம். ஒன்பது கோடு அடிமுதல் நுனிவரை செம்மஞ்சள்.

"கலப்பே இல்லைங்க," என்றான். "பாசியப் புடிச்சிட்டு வந்தவங்க எத்தனையோ தலைமுறையா வந்திட்டிருந்தா, இந்நேரம் இங்க பொண்ணு கட்டிப் பேரப்புள்ள எடுத்திருக்கணும்ல? பாதி நீலம், கால்வாசி மஞ்சள்னு கோடு குழம்பிக் கிடக்கணும். இங்க பாருங்க, மாப்பிள்ளை வீடு தனி, பொண்ணு வீடு தனி. பந்தியே நடக்கல."

துஷ்யா செம்மஞ்சள் கோடுகளைத் திரும்ப எண்ணினாள்.

"ஒம்பதும் நேத்துத்தான் வந்து எறங்கின மாதிரி இருக்கு. சாம்பிள் எடுத்தது நீங்கதானே?"

"ஓம்."

"பை ஏதாச்சும் லேபில மாறிருக்குமோ?"

"இல்லை."

"அப்ப எனக்குப் புரியல," என்றான் அவன். அவளுக்குப் புரிந்தது. முத்துச்செல்வனிடம் சொன்ன அந்த "ஓம்" பொய். நத்தை பொறுக்கியது அவள் இல்லை.

மூன்று வருசத்துக்கு முந்தின மாசியில் ரொம்மன் ரயில்நிலையப் படியில் உறைபனியில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். அந்தப் பக்கத்துக் கடலில் வற்றுப்பெருக்கு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வசந்தத்தில் காற்றழுத்தம் ஏறி, வடகாற்றுப் பிடித்தால் சில நாள் தண்ணீர் நன்றாய் இறங்கும். நத்தை பொறுக்க அந்த நாட்களை விட்டால் ஒரு வருசம் போச்சு. "பரவாயில்லை, அடுத்த வசந்தத்தில் எடு" என்றாள் ரக்ன்ஹில்ட். சம்பளம் வருகிற வருசங்கள் எண்ணிவைத்தவை. பேராசிரியைக்கு அடுத்த வசந்தமும் உண்டு, அதற்கடுத்ததும் உண்டு.

"நான் போறன் பிள்ளை," என்றார் அப்பா. "குனிஞ்சு பொறுக்கிறதுக்குப் பட்டமோ வேணும்?"

பயிற்சி இல்லாதவர்கள் மாதிரிகளை எடுக்கக் கூடாது என்பது விதி. துஷ்யா அந்த விதியை எடுத்து ஒரு பக்கம் வைத்தாள். குசினி மேசையில் வெறும் ஓடுகளைப் பரப்பி எது பூர்பூர் நத்தை, எது இல்லை என்று காட்டினாள். எட்டுப் பையில் எட்டுக் கரைப் பெயரை ஒட்டினாள். பொறுக்கியவர் என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டாள். கடைசியாய்ச் சொன்னாள்: "கரைக்கு முப்பது அப்பா. குறையக் கூடாது."

அவர் கொண்டுவந்த பைகள் எட்டும் பார்க்க அவ்வளவு நேர்த்தி. குரோஷேர்ப் பையைக் கொட்டியபோது சில ஓடுகள் மெல்லியவை, வாய் அகன்றவை. அலை அடிக்கிற பாறையில் வளர்வது அப்படித்தான் இருக்கும். சில ஓடுகள் தடித்தவை, வாய் ஒடுங்கியவை. நண்டு நடமாடுகிற அமைதியான குடாவில் வளர்வது அப்படி. இரண்டும் ஒரே பையில். படித்தவள், கண்ணால் கண்டாள். என்ன ஒரு வேற்றுமை என்று சந்தோசப்பட்டுப் படம் எடுத்தாள். அந்தப் படம் கட்டுரையிலும் இருக்கிறது.

முத்துச்செல்வன் திரையைக் காட்டிய அன்று பின்னேரம் வீட்டுக்குப் போனபோது அம்மா முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போயிருந்தா. அப்பா புட்டவித்து மீன்குழம்பு காய்ச்சி வைத்திருந்தார். வடக்கே பின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் வெட்டு மேசையில் நின்று நின்று அவருடைய வலத்தோள் போய்விட்டது. பிறகு ஒஸ்லோ வந்து கந்தோர்கள் கூட்டித் துடைத்து இடத்தோளும் போனது. இப்போது அரசாங்கம் ஊனமுற்றோர் படி கொடுக்கிறது. கரண்டியைத் தோளுயரத்துக்கு மேல் தூக்கமாட்டார்.

"குரோஷேரில எத்தினை நத்தை இருந்ததப்பா?"

"எந்தக் குரோஷேர்?"

"தனியா நிண்ட கல்லு. பிலேந்திரன் மாமாவின்ரை போட்டில போனனீங்கள்."

"ஓ, அந்தச் சனியன் பிடிச்ச கல்லோ!" அவர் முகம் மலர்ந்தது. "முப்பது. நீ கேட்டதுதானே."

"முப்பதும் அந்தக் கல்லிலயோ?"

"அந்தக் கல்லில எங்கையிருந்து முப்பது? விடியத் துவங்கிப் பொழுதுபடும் வரைக்கும் தேடினனான். வெடிப்புக்குள்ள எல்லாம் விரலை விட்டுத் தோண்டினது. பிலேந்திரன் போட்டுக்குள்ள இருந்துகொண்டு, 'மச்சான் சிறி, தாலியைத் துலைச்சிட்டியோ, உப்பிடித் தேடுறாய்' எண்டு பகிடி. இருபதோ இருபத்தொண்டோ வந்தது. ஒண்டும் விடேல்லை. மிச்சத்தைக் கால்விக்காவில அள்ளிப் போட்டனான். அங்கை குவிஞ்சு கிடக்கு." புட்டைக் குழைத்துக்கொண்டே சொன்னார். "எட்டுப் பையில ஒரு பை குறைஞ்சதோ, சொல்லு பாப்பம்?"

துஷ்யா தட்டைத் தள்ளி வைத்தாள்.

"ஏனப்பா என்னட்டைக் கேக்கேல்லை?"

"என்னத்தைக் கேக்கிறது? நீ கையில பிளாஸ்டரோட நோவில கிடந்தாய். எல்லாம் ஒரே நத்தைதானே. வடக்கில பெட்டி நிறை குறைஞ்சால் போர்மன் பெட்டியைத் திருப்பித் தள்ளிப்போடுவான். பக்கத்து மேசையில ஒரு துண்டை எடுத்துப் போட்டு நிரப்பி அனுப்புறதுதான். கொட் மீன் எண்டால் கொட் மீன்தானே, அவற்ரை துண்டு இவற்ரை துண்டு எண்டு இருக்கோ?" அவர் சாப்பாட்டை நிறுத்தினார். "என்ன பிள்ளை? முகம் ஒரு மாதிரிக் கிடக்கு."

அவள் சொன்னாள். கத்தாமல், அழாமல், சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பாதியில் குழம்புச் சட்டியை மூடினார். எதையாவது மூடவேண்டும் போல் இருந்திருக்கும்.

"அப்ப நத்தை கடல் தாண்டேல்லையோ?"

"இல்லை. நீங்கள்தான் தாண்டினனீங்கள்."

சொன்ன பிறகு, சொல்லியிருக்கக் கூடாது என்று நினைத்தாள். அவர் கையைக் கழுவப் போய் நெடுநேரம் தண்ணீரைத் திறந்துவிட்டபடி நின்றார்.

கலந்துபோன அந்தப் பையை வைத்து இனி எதையும் எழுத முடியாது. ஒரு வழி மிச்சம் இருந்தது. குரோஷேருக்குத் திரும்பப் போய், இந்த முறை தானே பொறுக்கி, உண்மைக் கணக்கைப் போட்டுவிட்டால், கட்டுரை விழுந்தாலும் ஆய்வு விழாது. "சின்னப் பாறை, குறைந்த வேற்றுமை" என்று எழுதலாம். பெரிய கண்டுபிடிப்பு இல்லைத்தான். ஆனால் உண்மை, பட்டத்துக்குக் காணும். சனிக்கிழமை தண்ணீர் இறங்கியது. பிரெட்ரிக்ஸ்டாட்டில் இருக்கும் பிலேந்திரனுக்குப் போன் எடுத்தாள். தகப்பனோடு வெட்டு மேசையில் ஒன்றாய் நின்ற ஆள். கானாங்கெழுத்தி பிடிக்க ஒரு சின்னப் படகு வைத்திருந்தார்.

"வா பிள்ளை, வா. உன்ரை அப்பரைப் போன முறை அந்தக் கல்லிலயே விட்டிட்டு வந்திருக்கோணும்," என்றார்.

அப்பா கூப்பிடாமலே வந்து காரில் ஏறிவிட்டார்.

குரோஷேர் வெயிலில் பளிச்சென்று நின்றது. துஷ்யா தூரத்தில் வரும்போதே கண்டாள். பாறை வெள்ளையடித்த சுவர்போல் இருந்தது. கொட்டலசு. ஒன்றன்மேல் ஒன்று ஏறி, இடைவெளி இல்லாமல், கால் வைக்க இடம் விடாமல் அப்பிக் கிடந்தது. அதன் நடுவில் கறுப்புக் கறுப்பாய் மட்டிகள், எல்லாம் முழுசு. துளைபோட்ட ஓடு ஒன்றுகூட இல்லை.

அப்பா இறங்கி நின்று பார்த்தார். "நல்லாச் செழிச்சுக் கிடக்கு, என்ன?"

தின்ன ஆள் இல்லாத இடத்தில்தான் அது அப்படிச் செழிக்கும். துஷ்யா முட்டிபோட்டுத் தேடினாள். வெடிப்புக்குள் டோர்ச் அடித்தாள். பாசியைக் கிளப்பிப் பார்த்தாள். முழங்கால் கிழிந்து காற்சட்டையில் இரத்தம் ஊறியது. அப்பா மற்றப் பக்கத்தால் தோளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தேடினார். பிலேந்திரன் முதலில் ஏதோ பகிடி சொன்னார், பிறகு அதையும் விட்டுவிட்டுத் தானும் இறங்கித் தேடினார்.

ஒரு நத்தை இல்லை. ஒரு வெடிப்பில் கோதுமைமணி போன்ற முட்டைக்கூடுகள் சில ஒட்டிக்கிடந்தன. துஷ்யா நகத்தால் தொட்டாள். காய்ந்த தோல். எந்த வருசத்தையதோ.

இருபத்தொன்றுதான் அந்தப் பாறையில் இருந்தவை, மொத்தமே அவ்வளவுதான். அந்த இருபத்தொன்றையும் பொறுக்கியாயிற்று. ஒன்றும் விடவில்லை என்று அப்பா சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. நீந்தத் தெரியாத நத்தை. பக்கத்துக் குடாவில் குவிந்து கிடந்தாலும் இங்கே வராது. இனி இந்தப் பாறை இப்படியே வெள்ளையாய்க் கிடக்கும். எத்தனை குளிரைத் தாங்கி நின்ற ஒரு குடும்பத்தை அவளுடைய ஆய்வு ஒரே நாளில் பிளாஸ்டிக் பைக்குள் கட்டிப்போய்ச் சாராயத்தில் ஊறப்போட்டிருக்கிறது. அந்த மெல்லிய ஓடுகளைத் தசைக்காக அவளே சுத்தியலால் உடைத்தாள்.

"பிள்ளை," அப்பா மெதுவாய்க் கிட்ட வந்தார். "கால்விக்கா கிட்டத்தானே. ஒரு ஐம்பது அறுபதைக் கொண்டுவந்து விடுவமே? பெருகிவிடும்."

"வாயைப் பொத்துங்கோ அப்பா!"

பிறந்ததிலிருந்து அவரைப் பார்த்து அவள் அப்படிச் சொன்னதில்லை. பிலேந்திரன் கடற்பக்கம் திரும்பிப் படகுக் கயிற்றை அவிழ்ப்பதுபோல் எதையோ செய்தார். அப்பா "சரி, சரி" என்றார்.

திங்கட்கிழமை துஷ்யா ரக்ன்ஹில்டிடம் போனாள். ரக்ன்ஹில்ட் நல்ல மனுசி. கோபம் வந்தால் குரலைத் தாழ்த்துகிற ஆள். முழுவதையும் கேட்டுவிட்டு, "சொன்னதற்கு நன்றி," என்றாள். பிறகு, "பாறையில் எத்தனை மிச்சம்?" என்றாள்.

"ஒன்றும் இல்லை."

ரக்ன்ஹில்ட் எழுந்து ஜன்னலடிக்குப் போய்விட்டாள். மாணவியாய் இருந்த காலந்தொட்டு அந்தக் கரைகளைச் சுற்றியவள். அவள் திரும்பியபோது கண் சிவந்திருந்தது, பேச்சு மட்டும் ஒழுங்காய் இருந்தது. கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும். நடு அத்தியாயம் போய்விட்டது. உன் பெயரைப் போட்டது பிழை, அதற்கு விசாரணை ஒன்று வரும், எச்சரிக்கையோடு முடியலாம். மற்ற ஏழு கரையும் சுத்தமாய் இருந்தால் மீதி இரண்டு அத்தியாயத்தோடு இன்னொன்றைச் சேர்த்து ஒப்பேற்றலாம்.

"மற்ற ஏழும் சுத்தம்தானே?"

"ஓம். அப்படித்தான் நினைக்கிறேன்."

"நினைப்பு எனக்குக் காணாது, துஷ்யா. பொறுக்கியவரிடம் நான் கேட்க வேண்டும். உன் அப்பா வருவாரா?"

அப்பா கல்யாண வீட்டுக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். ரீ-பானே என்கிற நிலக்கீழ் ரயிலில் எதிர் இருக்கையில் முழங்காலில் கையை வைத்தபடி, வாய்க்குள் எதையோ பாடமாக்கிக்கொண்டு வந்தார். இந்த நாட்டில் துஷ்யாவுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவருடைய வாய் அவள்தான். எட்டு வயதில் டொக்டரிடம் அவருடைய தோள்நோவை மொழிபெயர்த்தாள். பத்து வயதில் ஊனமுற்றோர் படிக்கு மாடியேறி இறங்கி, அவர் சொல்கிற மூன்று சொல்லை முப்பதாக்கிச் சொன்னாள். தன் பள்ளிக்கூடத்தில் பெற்றார் கூட்டத்தில், தன்னைப் பற்றி ஆசிரியை சொன்ன குறையை நிறைவாக்கி அவருக்குச் சொன்னாள். அவரும் தலையாட்டி அவளுக்கு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தார்.

ரக்ன்ஹில்ட் கோப்பி ஊற்றி வைத்தாள். அவர் கோப்பையைத் தொடவில்லை.

"முதலில் நன்றி சொல்லு," என்றாள் ரக்ன்ஹில்ட், "அவர் நல்ல மனதோடுதான் செய்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும்."

துஷ்யா சொன்னாள். அப்பா கையைக் கூப்பினார், பிறகு இங்கே அது வேண்டாமென்று நினைத்தோ என்னவோ கையை இறக்கினார்.

"குரோஷேரில் மட்டுமா நிரப்பினார்? வேறு கரையிலும் உண்டா? இதுதான் எனக்கு வேண்டும்."

துஷ்யா தமிழில் கேட்டாள். அவர் கொஞ்சம் யோசித்தார். பெரிதாய் மறைக்கிற ஆள் இல்லை, மறந்துவிடுகிற ஆளும் இல்லை.

"வேறை ரெண்டு இடத்திலயும் குறைஞ்சதுதான்," என்றார். "அந்த வெளிச்சவீட்டுக்குக் கீழ நாலஞ்சு. பிறகு அந்தச் செம்மண் சரிவில கொஞ்சம். எல்லாம் கால்விக்காவில அள்ளினதுதான்."

அறைக்கு வெளியே யாரோ சிரித்துக்கொண்டு போனார்கள். துஷ்யா கோப்பைகளைப் பார்த்தாள். வெளிச்சவீடு முதலாம் அத்தியாயம். செம்மண் சரிவு மூன்றாம் அத்தியாயம். அவை இன்னும் முழுதாக வாசிக்கப்படவில்லை. வாசிக்கக் காசும் இல்லை. ஒருவரும் வாசிக்காமலே போகலாம். கோடுகள் ஒருபோதும் திரையில் வராமலே போகலாம்.

"இல்லை," என்றாள் நொர்ஸ்க் மொழியில். "குரோஷேரில் மட்டும்தானாம்."

ரக்ன்ஹில்டின் தோள் இறங்கியது. "கடவுளே. நல்லது," என்று பேனாவை மேசையில் வைத்தாள்.

அப்பா துஷ்யாவைத் திரும்பிப் பார்த்தார். முப்பது வருசத்துக்கு மேல் இந்த நாட்டில் மீன் வெட்டி, கந்தோர் துடைத்த மனுசன். கதைக்கத்தான் வராது. சின்ன வசனமாய்க் கேட்டால் விளங்கும். அவருடைய கண்ணில் கோபம் இல்லை, அன்புதான் இருந்தது. அதை அவள் பிறகு எத்தனையோ நாள் நினைத்துப் பார்த்தாள்.

"எனக்காண்டிப் பொய் சொல்லாதை பிள்ளை," என்றார் தணிந்த குரலில். "என்னைக் காப்பாத்த எண்டு நீ உன்னைக் கெடுக்காதை. நான் செய்தனான், நான் சொல்லுறன்."

"அப்பா, வேண்டாம். அப்பா—"

அவர் கோட்டை இழுத்துவிட்டு நிமிர்ந்து இருந்தார். ரீ-பானேயில் பாடமாக்கியது அதற்குத்தான் போலும். ரக்ன்ஹில்டைப் பார்த்து, உடைந்த நொர்ஸ்க்கில், ஆனால் ஒவ்வொரு சொல்லையும் தெளிவாய்ச் சொன்னார்.

"நை. த்ரே ஸ்தேடர்." மூன்று விரலை நீட்டினார். "மூன்று இடம். நான் செய்தது. மகள் நல்லவள். மகள் தெரியாது."

ரக்ன்ஹில்ட் அவருடைய விரல்களைப் பார்த்தாள். பிறகு துஷ்யாவைப் பார்த்தாள். குரல் வந்தபோது மிகவும் தாழ்ந்திருந்தது.

"அவர் இப்போது சொன்னதைத்தான் முதலும் சொன்னாரா?"

துஷ்யா தலையை ஆட்டினாள், ஓம் என்று.

"அப்படியென்றால் இது வேறு விசாரணை," என்றாள் ரக்ன்ஹில்ட். "நான் இனி உனக்குப் பக்கத்தில் நிற்க முடியாது. உனக்கு விளங்கும்."

விளங்கியது. எட்டுப் பையும் போயிற்று. அவளுடைய பெயரும் போயிற்று. இனி எந்த ஆய்வுகூடத்திலும் அவள் தொட்ட குப்பியை இன்னொருத்தர் சோதித்துத்தான் தொடுவார்கள். அதுவும், தொடுவதற்கு ஒரு ஆய்வுகூடம் கிடைத்தால்.

அப்பா கோப்பியை எடுத்து ஒரு வாய் குடித்தார். ஆறிப்போயிருந்தது. முகத்தில் ஒரு சுமையை இறக்கிவைத்த இளைப்பு. மகளின் கையைத் தட்டினார்.

"என்ன சொல்லுறா?"

"ஒண்டுமில்லையப்பா."

"சொல்லு. நான் தாங்குவன்."

ரக்ன்ஹில்ட் கதவருகே போய் நின்றாள். போகலாம் என்பதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அப்பா எழுந்து, கோப்பையைத் தானே கொண்டுபோய்த் தொட்டியில் வைத்துக் கழுவத் தொடங்கினார். அது அவருடைய கை, விட்டால் கழுவும். கழுவி, துடைப்பதற்குத் துணி தேடி, இல்லாமல், கோட்டின் உள்விளிம்பால் துடைத்துக் கவிழ்த்து வைத்தார். துஷ்யா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளும் ரக்ன்ஹில்டும் அவர் முடிக்கும்வரை காத்திருந்தார்கள்.